மார்பு பிளந்த பிறகு

என் தம்பி மகன் விஜய்ஆனந்தின் மண்டையை உடைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வைகாசியில் நரசிம்ம ஜெயந்தி அன்று, பொழுது சாயும் நேரத்தில், எங்கள் வீட்டில் இரணியன் கதை படிப்பது நான்கு தலைமுறை வழக்கம். காமராஜர் சாலையிலிருந்து தெப்பக்குளம் போகும் வழியில் ஒரு சந்தில் இருக்கிறது வீடு. கூடத்துக்கும் முற்றத்துக்கும் நடுவே ஒற்றைக் கல்தூண். வீட்டுக்கு மூத்தவர் அந்தத் தூணருகே உட்கார்ந்து, என் முப்பாட்டனார் கைப்பட எழுதிய புத்தகத்தைப் படிப்பார். உன் சாமி இந்தத் தூணிலும் இருக்கிறானா என்று இரணியன் மகனைக் கேட்கும் இடம் வந்ததும், வெண்கலப் பூண் போட்ட தேக்குக் கோலை எடுத்துத் தூணில் ஓங்கி ஓர் அடி அடிப்பார். கூட்டம் ‘நரசிம்மா’ என்று கத்தும். பிறகு, சிங்கமுகத்தோன் இரணியனை வாசற்படியில் இழுத்து மடியில் கிடத்தி மார்பைப் பிளக்கிற வரிகள். அத்தோடு புத்தகத்தை மூடிவிடுவோம். தீபாராதனை, பானகம், சுண்டல்.

அதற்குப் பிறகும் புத்தகத்தில் பதினொரு பக்கங்கள் இருக்கின்றன. என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் அவற்றை யாரும் படித்ததில்லை. செத்துப்போன தகப்பனுக்காக மகன் மன்னிப்புக் கேட்கும் கட்டம் அது. தகப்பனுக்காக ஒரு பிள்ளை இன்னொருவர் முன்னால் கையேந்துவதை நம் கூடத்தில் படிக்கக் கூடாது என்று என் தாத்தா நிறுத்தினார். என் தகப்பனார் நிறுத்தினார். முப்பத்தொரு வருடம் நானும் நிறுத்தினேன். தீயவன் விழுந்தான், தர்மம் நின்றது, அதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது? படித்து முடித்து எழுந்து நிற்கும்போது, தூணைப் பிளந்துகொண்டு வந்தது நானே என்பதுபோல உடம்பு சிலிர்க்கும். அதைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

இந்த வருடம் விழாவுக்கு ஏழு நாள் முன்னால் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. படிக்கக் கூடாது என்றார் டாக்டர். எனக்கு இரண்டும் பெண்கள். அடுத்த உரிமை விஜய்ஆனந்துக்கு. பசுமலையில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவன், முப்பத்தாறு வயது. சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவன். அவனுக்குப் பூணூல் போட்டு, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் நான்தான். எங்கள் வீட்டுப் பாஷை வேறு. அதில் பேசியதையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

“இந்த வருஷம் நீ படி. நான் தூணை மட்டும் அடிச்சுக்கிறேன். மார்பு பிளக்கிற இடத்தோட மூடிரணும்” என்றேன்.

“அதுக்கு மேல படிச்சா என்ன பெரியப்பா, பானகம் புளிச்சிருமா?”

“பானகம் புளிக்காது. நம்ம மானம் போயிரும்.”

“எம்புட்டு வருஷமா அந்த ஆளைக் கொன்னுக்கிட்டே இருக்கோம்! ஒரு வருஷமாவது அவருக்கு நல்ல கதி கிடைச்சுதான்னு பாக்க வேணாமா?”

“உன் கேள்வியெல்லாம் காலேஜ்ல வச்சுக்கோ.”

சிரித்துக்கொண்டே எழுந்து போனான். என் முன்னால் ஒருவர் மேற்கொண்டு பேசாமல் எழுந்து போனால் ஒப்புக்கொண்டார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அன்று சாயங்காலம் அறுபது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். எல்லோரும் எங்கள் சந்துக்காரர்கள், உறவுக்காரர்கள். வெளி ஆள் ஒருவன்தான். பந்தலும் நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்குக் கொடுக்கும் பாண்டியராஜன், வண்டியூர்க்காரன். ஐந்து வருடமாக எங்கள் விசேஷங்களுக்கு வருகிறவன். வாடகைக்குக் கொண்டுவந்த ஆளுயர மின்விசிறி ஆடுகிறது என்று அதைப் பிடித்தபடி தூணுக்குப் பின்னால் நின்றான்.

விஜய்ஆனந்த் நன்றாகத்தான் படித்தான். தூணை அடித்தேன். கூட்டம் கத்தியது. மார்பு பிளந்தது. நான் தீபாராதனைத் தட்டுக்குக் கை நீட்டினேன். அவன் புத்தகத்தை மூடவில்லை. விரலை அந்தப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தான்.

“இரணியன் என்ன வரம் வாங்குனான்னு யோசிச்சிருக்கோமா? உள்ளேயும் சாவு வரக் கூடாது, வெளியேயும் வரக் கூடாது. பகல்லயும் வேணாம், ராத்திரியிலயும் வேணாம். மனுஷனாலயும் வேணாம், மிருகத்தாலயும் வேணாம். நம்ம கோபமும் இப்படித்தான் வரம் வாங்கி வச்சிருக்கு. ஏன்டா அடிச்சேன்னு கேட்டா குடும்பத்துக்காகன்னு சொல்லும், மரியாதைக்காகன்னு சொல்லும். எனக்காகத்தான் அடிச்சேன்னு மட்டும் சொல்லாது. எந்தப் பக்கம் போய் மறிச்சாலும் தப்பிச்சிரும். அது சாகணும்னா வாசப்படியிலதான் சாகணும். அந்த வாசப்படி நம்ம நெஞ்சுலதான் இருக்கு. தூணும் அங்கதான் இருக்கு.”

பின்வரிசையில் ஒருவர், “யாரைச் சொல்றான்னு தெரியுதுல்ல?” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு என் முதுகில் விழுந்தது. “மூடுடா புத்தகத்தை” என்றேன்.

“இல்ல பெரியப்பா. கொன்னதோட எந்திரிச்சுப் போயிடுறோம். கதை அங்க முடியல.” தலையைக் குனிந்து அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

கோல் என் கையில்தான் இருந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. காறையெலும்பு முறிகிற சத்தம் கேட்டது. புத்தகம் கீழே விழுந்தது. அவன் என்னைத் தடுக்கவில்லை, திட்டவும் இல்லை. வலியில் முகம் கோணிப்போக, விழுந்த புத்தகத்தை எடுக்க நல்ல கையால் துழாவிக்கொண்டு குனிந்தான். குனிந்த தலையில் இரண்டாவது அடி அடித்தேன். வெண்கலப் பூண் எலும்பில் இறங்கியது. தேங்காய் உடைக்கிற சத்தத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரத்தம் பீறிட்டுத் தூணில் தெறித்தது, என் வேட்டியில் தெறித்தது. அவன் புத்தகத்தின் மேலேயே கவிழ்ந்தான். காதிலிருந்தும் ரத்தம் வந்தது.

நான் மூன்றாவது முறை ஓங்கினேன்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் என்னைக் கட்டிப் பிடித்தன. “ஐயா, விடுங்கய்யா! செத்துருவாருய்யா!” பாண்டியராஜன். நான் திமிறினேன். கோலின் முனையால் அவன் வயிற்றில் குத்தினேன். அவன் பிடியை விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். ஆபரேஷனுக்காகப் போட்டிருந்த என் கறுப்புக் கண்ணாடி எங்கோ போயிற்று.

அதுவரை அசையாமல் நின்ற கூட்டம் அப்போதுதான் அசைந்தது. “பெரியவர் மேலயே கை வைக்கிறியாடா?” என்று முதலில் பாய்ந்தவர் என் மூத்த மருமகன் சாய்குமார். ஜில்லா கோர்ட்டில் வக்கீல். இரும்பு மடக்கு நாற்காலியைத் தூக்கிப் பாண்டியராஜனின் முதுகில் அடித்தார். தலையைக் காக்க அவன் வலது கையைத் தூக்கினான். நாற்காலியின் விளிம்பு அந்தக் கையில் விழுந்தது. முழங்கைக்குக் கீழே மூட்டு இல்லாத இடத்தில் கை மடங்கியது. அதற்குப் பிறகும் நான்கு பேர் மிதித்தார்கள். ஒருவன் சுண்டல் கரண்டியால் வாயில் அடித்தான். பாண்டியராஜனே கொண்டு வந்த நாற்காலி, அவனே கொண்டு வந்த கரண்டி.

ஆம்புலன்ஸ் விஜய்ஆனந்தை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது. போலீஸ் வந்தபோது கதை தயாராக இருந்தது. பந்தல்காரன் குடித்துவிட்டு வந்து தகராறு செய்தான், தடுத்த விஜய்ஆனந்தை அடித்தான். சாய்குமார் சொன்னார், அறுபது பேரும் தலையாட்டினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். என்னிடம் வந்து, “ஐயா, நீங்க சொல்லுங்க” என்றார். யாரோ என் கண்ணாடியைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டேன். வாய் திறக்கவில்லை. பாண்டியராஜனை ஜீப்பில் ஏற்றினார்கள். கை தொங்கிக்கொண்டிருந்தது. ஏறும்போது என்னைப் பார்த்தான்.

மறுநாள் காலையில் அவன் தாய் செல்லத்தாய் எங்கள் சந்துக்கு வந்தாள். பூ மார்க்கெட்டில் மாலை கட்டுகிறவள். கதவைத் தாழ் போட்டிருந்தோம். வாசலில் நின்று கத்தினாள்.

“ஏய் பெரிய மனுசா! எம்புள்ள பச்சத் தண்ணியத் தவிர வேற தொட்டதில்லடா! அவன் குடிச்சானா? கதவத் தொறந்து எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு! சாமி கதை படிக்கிறியாம்ல சாமி கதை? இந்த வீட்டுல சாமியா இருக்கு?”

தெருமண்ணை இரண்டு கையாலும் வாரிக் கதவில் எறிந்தாள். மாடியிலிருந்து எங்கள் ஆட்களில் ஒருவன் அவள்மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான். நனைந்த சேலையோடு மறுபடியும் மண்ணை வாரினாள். ஜன்னல் இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

சாய்குமார் வந்து என்னை உட்கார வைத்தார்.

“மாமா, இன்னைக்கு நாலு மணிக்கு அவனை மாஜிஸ்திரேட்கிட்ட கொண்டு போயிருவாங்க. ரிமாண்ட் ஆயிட்டா முடிஞ்சது. ஒருவேளை உங்க பேரு வந்தாலும் பயப்படாதீங்க. வயசு எழுபத்திரண்டு. கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம். கறுப்புக் கண்ணாடி போட்டவரு எப்படிக் குறி பாத்து அடிப்பாரு? நடந்தது கூடத்துலயா முத்தத்துலயான்னே சாட்சிகளைக் குழப்பிரலாம். விளக்கு ஏத்துறதுக்கு முன்னாலயா, பின்னாலயா? ஒருத்தராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. எந்தப் பக்கமும் உங்களைத் தொட முடியாது.”

“நல்லது மாப்ள” என்றேன். குடும்பம் காப்பாற்றப்பட்டது என்று நிம்மதிகூட வந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்தால் ஊர் பேசும். மூளையில் கட்டிய ரத்தத்தை எடுத்திருந்தார்கள். நினைவு திரும்பவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே, நடைபாதை பெஞ்சில் விஜய்ஆனந்தின் மனைவி ரம்யாஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் புத்தகம். ரத்தம் காய்ந்து அட்டை விறைத்துப்போயிருந்தது. எங்கள் வீட்டில் பெண்கள் அந்தப் புத்தகத்தைத் தொடும் வழக்கம் இல்லை.

“அதை இங்க எதுக்கும்மா கொண்டு வந்தே? கொடு” என்றேன்.

“உக்காருங்க பெரியமாமா.”

“கொடுன்னு சொன்னேன்.”

“நேத்து நடந்ததை நான் கண்ணால பாத்தேன். போலீஸ் கேட்டப்ப நான் ஆம்புலன்ஸ்ல இருந்தேன். இன்னைக்கு வந்து கேட்டா என்ன சொல்லுவேன்னு உங்களுக்கே தெரியும். அதுக்கு முன்னால நீங்க இதைக் கேக்கணும். நீங்க அடிச்சு நிறுத்துன இடத்துலேர்ந்து படிக்கப் போறேன். எந்திரிச்சுப் போனீங்கன்னா இந்த வராண்டாவுல கத்துவேன்.”

என்னிடம் இப்படிப் பேசியவர்கள் இல்லை. உட்கார்ந்தேன். ஒட்டிக்கொண்ட தாள்களை நகத்தால் மெல்லப் பிரித்தாள். சில எழுத்துகள் ரத்தத்தோடு உரிந்து வந்தன. தெரியாத இடங்களைத் தாண்டித் தாண்டிப் படித்தாள்.

அசுரன் செத்துவிட்டான். எதற்காக வந்ததோ அந்த வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் சிங்கத்தின் கோபம் அடங்கவில்லை. குடலை மாலையாகப் போட்டுக்கொண்டு கர்ஜிக்கிறது. அதன் மூச்சில் மேகங்கள் சிதறுகின்றன. தேவர்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். ஒருவரும் கிட்டே போகவில்லை. எட்ட நின்றே புகழ்கிறார்கள். மகாலட்சுமியே பயந்து விலகி நிற்கிறாள்.

ரம்யாஸ்ரீ அந்த வரியோடு நிறுத்தி, ஒட்டியிருந்த அடுத்த தாளைப் பிரித்தாள்.

முதல் அடிக்கு நான் காரணம் சொல்லிவிடுவேன். அவமானப்படுத்தினான், அடித்தேன். அது இரணியனின் அடி, பிள்ளையின் சொல் பொறுக்காதவனின் அடி. இரண்டாவது அடி எதற்கு? புத்தகம் விழுந்துவிட்டது. படிப்பு நின்றுவிட்டது. அவன் குனிந்துவிட்டான். நான் கேட்டதெல்லாம் கிடைத்த பிறகு விழுந்த அடி அது. இத்தனை வருடம் நான் சிங்கம் என்று நினைத்திருந்தேன். நீ இரணியன் என்று என் தம்பி மகன் சொன்னான். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கண்டேன், இரண்டும் என் ஒரே மார்புக்குள்தான் இருக்கின்றன. ஒன்று கிழிக்கிறது, ஒன்று கிழிபடுகிறது, இரண்டுக்கும் அலுப்பே இல்லை. நாங்கள் மூன்று தலைமுறையாக அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்திருக்கிறோம்.

“படிக்கிறேன், கேளுங்க” என்றாள்.

அந்தப் பிள்ளை மட்டும் கிட்டே போகிறான். ரத்தம் சொட்டும் நகங்களுக்கு நடுவில் போய் நிற்கிறான். கர்ஜனை நிற்கிறது. என்ன வரம் வேண்டும் என்று கேட்கிறது சிங்கம். வரம் கேட்கும் ஆசையே என் மனசில் முளைக்காமல் இருக்க வேண்டும் என்கிறான் பிள்ளை. பிறகு தகப்பனுக்காகக் கேட்கிறான்.

அறுபது பேர் எட்ட நின்றார்கள். அதில் என் ரத்தம் இருந்தது, என் உப்பைத் தின்றவர்கள் இருந்தார்கள். மூன்றாவது அடி விழுவதற்கு முன்னால் கிட்டே வந்தவன் ஒருவன்தான். அவனுக்கு எந்த வரமும் இல்லை. உறவு இல்லை, சாதி இல்லை, அந்தக் கூடத்தில் அவனுக்காகப் பேச ஒரு நாக்கு இல்லை. காலையில் சாய்குமார் என் முன்னால் அடுக்கியவை என்னவென்று அப்போது புரிந்தது. வயது, கண், கூடமா முற்றமா, விளக்குக்கு முன்னாலா பின்னாலா. அத்தனையும் வரங்கள்.

எழுந்தேன். மணி இரண்டரை.

“எங்க போறீங்க?” என்றாள் ரம்யாஸ்ரீ.

“கிட்டப் போறேம்மா” என்றேன். அவள் புத்தகத்தோடு எழுந்தாள். நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். என்னை மன்னித்ததாக அவள் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையிலும் சொல்லவில்லை.

ஆட்டோ பிடித்துக் காவல் நிலையத்துக்குப் போனேன். வாசலில் சாய்குமாரும் எங்கள் சந்து ஆட்கள் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“மாமா, வண்டியில ஏறுங்க. வீட்டுக்குப் போவோம்.”

“வழி விடுங்க மாப்ள.”

“உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பேப்பர்ல பேரு வரும். உங்க பேத்திக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். எவன் வருவான் கொலைகாரன் வீட்டுக்கு?”

என் மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். இன்னொருவன் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தான். பொத்தான்கள் தெறித்தன. எழுபத்திரண்டு வயது வரை என்மேல் இப்படிக் கை வைத்தவர் இல்லை. உள்ளே அது எழுந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி மார்பை முட்டி, கையை விடுவித்து, அந்தக் கையைச் சாய்குமாரின் முகத்துக்கு நேராக உயர்த்தியது. அவர் கண்ணில் பயம் தெரிந்தது. அந்தப் பயம் எனக்கு இனித்தது. அந்த இனிப்பையும் பார்த்தேன். அடிக்கவில்லை. கையை இறக்கினேன். யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை.

அந்த நொடியில் அவர்கள் தள்ளியதில் சிமெண்டுப் படியில் முகம் குப்புற விழுந்தேன். உதடு கிழிந்தது. பல் ஒன்று ஆடியது. சத்தம் கேட்டு வெளியே வந்த அதே சப்-இன்ஸ்பெக்டர் என்னைத் தூக்கி உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டார். உட்காரவில்லை.

“பேரு லட்சுமிநாராயணன். விஜய்ஆனந்தை அடிச்சது நான். பாண்டியராஜன் அவனைத் தொடக்கூட இல்ல. என்னைத்தான் பிடிச்சு நிறுத்தினான்.”

அவர் பேனாவை எடுக்கவில்லை. “ஐயா, யோசிச்சுச் சொல்லுங்க. அவருக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா கொலை கேஸ்.”

“தெரியும்.”

“வக்கீல் வச்சுக்கிட்டுப் பேசுங்க.”

“வேணாம்மா. எழுதுங்க. அடிச்சது ரெண்டு அடி. தோள்ல ஒண்ணு, தலையில ஒண்ணு. கண் நல்லாத் தெரிஞ்சுது. கூடத்துலதான் அடிச்சேன், விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது அடி அடிக்கும்போது அவன் குனிஞ்சு இருந்தான். அதையும் எழுதுங்க.”

எழுதினார். கையெழுத்துப் போட்டேன். தாளில் என் உதட்டு ரத்தம் ஒரு சொட்டு விழுந்தது. ஒரு போலீஸ்காரர் பாண்டியராஜனைக் கூட்டிவந்தார். கையில் மாவுக்கட்டு. வாய் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. செல்லத்தாய் அவனைத் தாங்கிப் பிடித்திருந்தாள். காலையில் நனைந்த சேலை அவள் உடம்பிலேயே காய்ந்திருந்தது.

நான் அவனுக்கு முன்னால் கை கூப்பினேன். கோயிலுக்கு வெளியே யாருக்கும் நான் கை கூப்பியதில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“கும்புடு எதுக்கு எங்களுக்கு?” என்றாள் செல்லத்தாய். மகனின் கட்டுப் போட்ட கையை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். “இதை ஒடிச்சது யாரு? இவன் பல்லை உடைச்சது யாரு? ஒம்பாவத்தை மட்டும் சொல்லிட்டு நல்லவனாயிட்டுப் போகலாம்னு பாக்குறியா? சொல்லு. எம்மகன் அடிவாங்கயில யாரு யாரு மிதிச்சான்னு நீ பாத்தேல்ல?”

பார்த்தேன். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். எல்லாம் என் குடும்பத்து முகங்கள், நான் கல்யாணம் முடித்து வைத்தவர்கள், தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்தவர்கள். என்னை உள்ளே அனுப்பினாலும் அந்தக் குடும்பம் வெளியே நிமிர்ந்து நிற்கும் என்று எங்கோ ஒரு மூலையில் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது அவள் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

வாசலில் சாய்குமார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தார்.

“சாய்குமார்” என்றேன். “என் மூத்த மகளோட புருஷன். இரும்பு நாற்காலியால அடிச்சது அவரு. அடுத்த பேரை எழுதிக்குங்க.”